அறிதுயில் சிகிச்சை

கவனத்தை ஒரே இடத்தில் குவிக்கச் செய்து, சுற்றுப்புற உணர்வைக் குறைத்து, சொல்லப்படும் கருத்துகளை உடலும் மனமும் எளிதில் ஏற்கும் நிலைக்கு ஒருவரைக் கொண்டுவருவது அறிதுயில். அந்த நிலையைப் பயன்படுத்தி வலி, பதற்றம், குடல் கோளாறு போன்றவற்றைத் தணிக்க முயல்வது அறிதுயில் சிகிச்சை. ஹிப்னோதெரபி, ஹிப்னாடிசம், மெஸ்மரிசம், மனோவசியம், ஆழ்மன சிகிச்சை என்று தமிழில் பல பெயர்களில் இது வழங்குகிறது. பெயரில் துயில் இருந்தாலும் இது தூக்கம் அன்று. அறிதுயிலில் இருப்பவரின் மூளை அலைப் பதிவு, விழித்திருப்பவரின் பதிவைத்தான் பெரிதும் ஒத்திருக்கும். அவருக்குப் பேசுபவரின் குரல் கேட்கும். விருப்பமில்லாததைச் செய்யச் சொன்னால் எழுந்து போகவும் முடியும்.

சென்னையில் கோட்டூர்புரம், அடையாறு, மயிலாப்பூர், தியாகராய நகர் வட்டாரத்தில் மனநல மருத்துவர்களும் உளவியலாளர்களும், இதற்கென்றே பயிற்சி பெற்ற ஹிப்னோதெரபிஸ்டுகளும் இச்சிகிச்சையை அளிக்கிறார்கள். பலர் இதை அண்மைக்கால மேல்நாட்டு இறக்குமதி என்று நினைக்கிறார்கள். உண்மையில் கோட்டூர்புரம் இருக்கும் அதே அடையாற்றுத் தென்கரையில், கழிமுகத்தை ஒட்டிய தோப்பு ஒன்றுக்கு, இந்த முறையின் ஒரு வடிவம் 1882-லேயே வந்துவிட்டது. அதற்கும் முன்னால் இதன் வரலாற்றில் இரண்டு இந்திய ஊர்கள் இடம்பிடித்திருந்தன.

சுமார் 250 ஆண்டு வரலாறு இது. அதில் திரும்பத் திரும்ப எழும் கேள்வி ஒன்றே: குணப்படுத்தும் சக்தி யாரிடம் இருக்கிறது? செய்பவரிடமா, செய்துகொள்பவரிடமா? செய்பவரிடம் இருக்கிறது என்று நம்பிய காலங்களிலெல்லாம் இம்முறை புகழும் அவப்பெயரும் ஒருசேரச் சம்பாதித்தது. செய்துகொள்பவரிடம் இருக்கிறது என்று ஒப்புக்கொண்ட பிறகே மருத்துவத்துக்குள் காலூன்றியது.

மெஸ்மரும் கோவாப் பாதிரியாரும்

வியன்னாவில் மருத்துவம் படித்த ஃபிரான்ஸ் ஆன்டன் மெஸ்மர் (1734–1815) 1778-இல் பாரிசுக்கு வந்து சேர்ந்தார். உடலுக்குள் கண்ணுக்குத் தெரியாத காந்தத் திரவம் ஒன்று ஓடுகிறது, அது தடைபடுவதே நோய், தன் கைவீச்சால் அந்தத் தடையை நீக்க முடியும் என்பது அவர் கொள்கை. கூட்டம் அலைமோதியது. 1784-இல் பிரெஞ்சு மன்னர் அமைத்த விசாரணைக் குழுவில் பெஞ்சமின் ஃபிராங்க்ளின், வேதியியலாளர் லவாய்சியே போன்றவர்கள் இருந்தார்கள். அவர்கள் செய்த சோதனை ஒன்று இன்றும் பாடமாகச் சொல்லப்படுகிறது. ஃபிராங்க்ளின் வீட்டுத் தோட்டத்தில் ஒரு மரத்துக்கு மட்டும் காந்த சக்தி ஏற்றிவிட்டு, 12 வயதுச் சிறுவன் ஒருவனைக் கண்ணைக் கட்டி அழைத்து வந்தார்கள். மரம் மரமாகக் கட்டிப்பிடித்துப் போனவன், சக்தி ஏற்றாத மரத்தடியிலேயே மயங்கி விழுந்தான். காந்தத் திரவம் என்று எதுவும் இல்லை, எல்லாம் கற்பனையின் வேலை என்று குழு அறிக்கை தந்தது. கற்பனை அவ்வளவு பெரிய வேலையைச் செய்யுமென்றால் அதையே ஆராய்ந்திருக்கலாமே என்ற எண்ணம் அந்தக் குழுவில் யாருக்கும் வந்ததாகத் தெரியவில்லை.

அந்த எண்ணம் வந்தவர் ஓர் இந்தியர். கோவாவில் கண்டோலிம் கிராமத்தில் 1756-இல் பிறந்த ஜோசே குஸ்டோடியோ டி ஃபரியா, ரோமில் படித்துப் பாதிரியாராகி, பிரெஞ்சுப் புரட்சிக் காலத்தில் பாரிசில் வாழ்ந்தவர். 1813 முதல் அங்கே பொதுமக்கள் முன்னிலையில் விளக்கக் கூட்டங்கள் நடத்தினார். மெஸ்மர் கூட்டத்தார் பயன்படுத்திய காந்தம், கோல், தொட்டி எதுவும் இல்லை. வந்தவரை நாற்காலியில் உட்காரவைத்து, கண்ணை மூடி அமைதியாக இருக்கச் சொல்லி, பிறகு உரத்த குரலில் 'தூங்குங்கள்' என்பார். சிலர் உடனே ஆழ்ந்துபோவார்கள், பலர் சும்மா உட்கார்ந்திருப்பார்கள். தன்னிடமிருந்து எந்தச் சக்தியும் போகவில்லை, நடப்பதெல்லாம் உட்கார்ந்திருப்பவரின் மனத்துக்குள்தான் என்பது ஃபரியாவின் முடிவு. பாரிஸ் அவரை நிம்மதியாக விடவில்லை. நடிகர் ஒருவர் மயங்கியதுபோல் பாசாங்கு செய்து அவரை ஏமாற்றினார். 1816-இல் அவரைக் கேலிசெய்து நாடகமே போட்டார்கள். 1819-இல் வறுமையில் இறந்தார். பின்னாளில் அலெக்சாந்தர் டூமா தன் 'மான்டி கிறிஸ்டோ கோமகன்' நாவலில் சிறையில் கிடக்கும் பாதிரியாருக்கு அவர் பெயரைச் சூட்டியதால், அறிவியலில் மறந்துபோன பெயர் கதையில் நிலைத்தது. பனாஜியில் பழைய தலைமைச் செயலகத்துக்கு அருகில், ஒரு பெண்ணை நோக்கிக் கைகளை நீட்டியபடி குனிந்து நிற்கும் அவரது வெண்கலச் சிலை 1945-இல் நிறுவப்பட்டது. சிலையைப் பார்த்தால் கைகளிலிருந்து ஏதோ சக்தி பாய்வதாகவே தோன்றும். வாழ்நாள் முழுக்க அவர் மறுத்த கருத்து அது.

ஸ்காட்லாந்து அறுவை மருத்துவர் ஜேம்ஸ் பிரெய்டு 1841-இல் மான்செஸ்டரில் மெஸ்மரிச மேடை நிகழ்ச்சி ஒன்றைச் சந்தேகத்தோடு பார்க்கப் போனார். கண்களை ஒரே பொருளில் நிலைக்கவைத்தாலே அந்த நிலை வருகிறது என்று தானே செய்துபார்த்துக் கண்டார். ஹிப்னாடிசம் என்ற பெயர் பரவியது அவர் 1843-இல் வெளியிட்ட நூலால்.

ஹூக்ளி மருத்துவமனை

வங்காளத்தில் ஹூக்ளியில் கிழக்கிந்தியக் கம்பெனியின் மருத்துவராக இருந்தவர் ஜேம்ஸ் எஸ்டேல் (1808–1859). 1845 ஏப்ரல் 4 அன்று, மாதவ் கௌரா என்ற சிறைக்கைதிக்கு விரைவீக்கத்துக்கு, ஊர்ப் பேச்சில் சொன்னால் ஓதத்துக்கு, சிகிச்சை செய்துகொண்டிருந்தார். கைதி வலியில் துடித்தான். எஸ்டேல் மெஸ்மரிசத்தை அதுவரை கண்ணால் கண்டதில்லை, படித்ததும் கேட்டதும்தான். முயன்று பார்ப்போம் என்று அவன் முகத்துக்கு மேலே கைகளை வீசி, வருடிக் கொடுத்துக்கொண்டே இருந்தார். நெடுநேரத்துக்குப் பிறகு கைதி ஊசியால் குத்தினாலும் அசையாத நிலைக்குப் போனான்.

அடுத்த எட்டு மாதங்களில் எழுபதுக்கும் மேற்பட்ட அறுவைகளை வலியில்லாமல் செய்ததாக எஸ்டேல் பட்டியல் வெளியிட்டார். யானைக்கால் நோயால் பெருத்த விரைக்கட்டிகளை அகற்றியது அதில் முக்கியமானது. நோயாளிகளே நடுங்கி ஒதுங்கிய அறுவை அது. குருதி இழப்பிலும் அதிர்ச்சியிலும் பாதிப்பேர் வரை இறந்த காலம். தன்னிடம் இறப்பு நூற்றுக்கு ஐந்து அளவுக்குக் குறைந்ததாக அவர் கணக்குச் சொன்னார். 

இந்தக் கணக்குகளை மேற்கோள் காட்டும் நூல்கள் பெரும்பாலும் விட்டுவிடும் விஷயம் ஒன்று உண்டு. கைவீசும் வேலையை எஸ்டேல் வெகுசீக்கிரம் விட்டுவிட்டார், அவ்வளவு அலுப்பான வேலை அது. நோயாளியை இருட்டறையில் இடுப்புவரை ஆடையின்றிப் படுக்கவைத்து, தலைமாட்டில் உட்கார்ந்து குனிந்து, நெற்றியிலிருந்து வயிறுவரை கைகளால் வருடி, தலையில் மெல்ல ஊதி, மணிக்கணக்காக, சில சமயம் நாள்கணக்காகச் செய்தவர்கள் மருத்துவமனையின் கம்பவுண்டர்களும் கட்டுக்கட்டுபவர்களுமான வங்காள இளைஞர்கள்தாம். இந்துக்களும் முஸ்லிம்களும் அதில் இருந்தார்கள். எஸ்டேல் கத்தியோடு மட்டும் வந்தார். ஊரில் பேயோட்டுபவரும் மந்திரிப்பவரும் கைவீசி ஊதிச் செய்யும் 'ஜாட்-பூங்க்' முறையும் தன் முறையும் ஒத்திருப்பதை அவரே தன் நூலில் எழுதியிருக்கிறார். வேப்பிலை வீசி மந்திரித்துப் பழகிய நம் ஊர்க்காரருக்கும் இது புதிதாகத் தோன்றியிருக்காது. சக்தி பெரிய டாக்டரின் கையில் இருந்தது என்றால் கம்பவுண்டரின் கையிலும் எப்படி வந்தது என்ற கேள்விக்கு மெஸ்மரிசக் கொள்கையில் பதில் இல்லை.

அதே 1845-இல் ஹூக்ளி நீதிமன்றத்துக்கும் எஸ்டேலை அழைத்தார்கள். முடிதிருத்துபவர் ஒருவர் முணுமுணுத்துக் கைவீசித் தன்னை வசப்படுத்தியதால் பின்னாலேயே நடந்து வந்ததாக ஒரு சிறுவன் சொன்ன பிள்ளைபிடி வழக்கு அது. அப்படி நடக்கக்கூடுமா என்பதை விளக்க, எஸ்டேல் நீதிமன்றத்திலேயே சிலரை மயக்கநிலைக்குக் கொண்டுபோய்க் காட்டினார். பிள்ளை பிடிப்பவன் முகத்தில் பொடி தூவிக் கூட்டிப்போவான் என்ற பயத்தோடு வளர்ந்த தமிழர் தலைமுறைகளுக்கு இந்த வழக்கு அந்நியமாக இருக்காது. மயக்கப்பட்டவர் தன் விருப்பத்துக்கு எதிராகவும் நடப்பார் என்ற நம்பிக்கைக்கு நீதிமன்றத்தில் இப்படி மேடை கிடைத்தபின், அதை அகற்ற மருத்துவம் ஒரு நூற்றாண்டுக்கு மேல் போராட வேண்டியிருந்தது.

அரசுக் குழு ஒன்று ஆராய்ந்தபின் 1846 நவம்பரில் கல்கத்தாவில் ஓராண்டுச் சோதனையாக மெஸ்மரிச மருத்துவமனை தொடங்கப்பட்டது. ஆனால் அதற்கு ஒரு மாதம் முன்பே பாஸ்டனில் ஈதர் மயக்க மருந்து வெற்றி பெற்றிருந்தது. 1847-இல் குளோரோஃபார்மும் வந்தது. ஒரு சில நிமிடங்களில் எல்லோரையும் மயக்கும் மருந்துக்கு முன்னால், சிலரை மட்டும் பல மணி நேரத்தில் மயக்கும் முறை நிற்க முடியவில்லை. எஸ்டேல் 1851-இல் ஊர் திரும்பினார்.

அடையாற்றங்கரையில் ஆல்காட்

சென்னைக்கு இது வந்த வழி மருத்துவமனை வழியன்று. அமெரிக்க உள்நாட்டுப் போரில் கர்னலாக இருந்த ஹென்றி ஸ்டீல் ஆல்காட், பிளாவட்ஸ்கி அம்மையாருடன் 1875-இல் நியூயார்க்கில் பிரம்மஞான சபையைத் தொடங்கியவர். சபையின் தலைமையகம் 1882 டிசம்பரில் பம்பாயிலிருந்து சென்னை அடையாற்றின் தென்கரையில் உள்ள ஹடல்ஸ்டன் தோட்டத்துக்கு மாறியது.

அந்த ஆண்டு ஆகஸ்டில் ஆல்காட் இலங்கையில் இருந்தார். பௌத்தப் பள்ளிகளுக்கு நிதி திரட்டிக்கொண்டிருந்தார். களனிக்கு அருகே ஒரு கிணற்றுநீர் நோய் தீர்ப்பதாகக் கத்தோலிக்கத் தரப்பில் பேச்சு கிளம்பியிருந்தது. பௌத்தர்கள் மதம் மாறிவிடுவார்களோ என்ற கவலை பிக்குகளிடம் இருந்தது. காலியில் நன்கொடைக் கூட்டம் ஒன்றில் கார்னேலிஸ் அப்பு என்பவர் வந்தார். எட்டு ஆண்டாக ஒரு கையும் ஒரு காலும் செயலிழந்தவர். அரை ரூபாய் நன்கொடை கொடுத்தார். ஆல்காட் இளமையில் படித்த மெஸ்மரிசத்தை நினைத்துக்கொண்டு, புத்தர் பெயரைச் சொல்லி அவர் கையை வருடிக் கொடுத்தார். கை சற்று அசைந்தது. சில நாளில் அந்த மனிதர் கையைத் தலைக்கு மேலே சுழற்றிக் காட்டவும் ஓடவும் செய்தார் என்று ஆல்காட்டின் நாட்குறிப்பு நூல் சொல்கிறது. அதன்பின் அவரை ஊர் விடவில்லை. தங்கிய இடமெல்லாம் நோயாளிகள் வரிசை கட்டினார்கள். 1883-இல் வங்காளத்திலும் தென்னிந்திய ஊர்களிலும் கூட்டங்களில் பேசப்போன இடங்களில், பேச்சைவிடச் சிகிச்சைக்கே ஆள் அதிகம் சேர்ந்தது. முடக்குவாதம், காது கேளாமை, பேச்சிழப்பு என்று வந்தவர்களில் சிலருக்குக் குணம் தெரிந்தது, பலருக்குத் தெரியவில்லை. தெரியாதவர்களைப் பற்றியும் அவர் எழுதியிருப்பது அவர் நேர்மைக்குச் சான்று. தன் உயிர்ச்சக்தி கரைவதாக உணர்ந்த அவர், 1883 இறுதியில் தம் குருமார்களின் ஆணை என்று சொல்லி இதை நிறுத்திக்கொண்டார்.

இன்றைய கண்ணால் பார்த்தால், ஆல்காட் தொட்டுக் குணமானவர்களில் கணிசமானோர் நரம்பில் சேதம் இல்லாமலே உறுப்பு செயலிழந்தவர்களாக இருந்திருக்கலாம். அதே ஆண்டுகளில் பாரிசின் சால்பெட்ரியேர் மருத்துவமனையில் நரம்பியல் மருத்துவர் ஷார்கோ இத்தகைய நோயாளிகளைத்தான் அறிதுயிலில் ஆழ்த்தி ஆராய்ந்துகொண்டிருந்தார். நான்சி நகரில் லியேபோ, பெர்ன்ஹைம் என்ற மருத்துவர்கள், அறிதுயில் நோயின் அறிகுறியன்று, கருத்தேற்றத்தின் விளைவு, எல்லோருக்கும் ஓரளவு வரும் இயல்பு என்று வாதிட்டு வென்றார்கள். ஃபரியா சொன்னது அறுபது ஆண்டு கழித்து வேறு பெயரில் ஏற்கப்பட்டது. பிரம்மஞான சபையிலோ எதிர்த்திசையில் காற்றடித்தது: பிளாவட்ஸ்கி 1890-இல் எழுதிய கட்டுரையில், பிறர் மனத்தை ஆளும் ஹிப்னாடிசம் மாந்திரீகத்துக்கு ஒப்பானது என்று எச்சரித்தார். சபை அதன்பின் இந்தப் பாதையில் போகவில்லை.

மறைவும் மீட்சியும்

ஷார்கோவிடம் பயின்ற ஃபிராய்டு சில ஆண்டுகள் அறிதுயிலைப் பயன்படுத்திவிட்டுக் கைவிட்டார். நோயாளி படுக்கும் சாய்மஞ்சம் மட்டும் மிச்சமாக அவர் அறையில் தங்கிவிட்டது. இந்தியாவில் அவருடன் கடிதத் தொடர்பு வைத்து 1922-இல் கல்கத்தாவில் இந்திய உளப்பகுப்பாய்வுச் சங்கத்தைத் தொடங்கிய கிரீந்திரசேகர் போஸும் ஹிப்னாடிசத்தில் கைபழகியவரே. உளப்பகுப்பாய்வு எழ எழ அறிதுயில் மேடைக்கும் மலிவுப் பதிப்புகளுக்கும் ஒதுங்கியது. பிரிட்டிஷ் மருத்துவச் சங்கம் 1955-இலும் அமெரிக்க மருத்துவச் சங்கம் 1958-இலும் இதைச் சிகிச்சைக்கு உரியதென ஏற்றபிறகே டாக்டர்கள் வெளிப்படையாகப் பேசத் தொடங்கினார்கள்.

தமிழ்நாட்டில் மக்கள் மனத்தில் பதிந்த படம் பெரும்பாலும் சினிமா தந்தது. 'அந்நியன்' (2005) படத்தில் மனநல மருத்துவர் நாயகனின் புதைந்த நினைவை மயக்கநிலையில் தோண்டியெடுப்பார். '7ஆம் அறிவு' (2011) வில்லன் ஒரு பார்வையில் ஊரையே ஆட்டிவைப்பான். 'நோக்கு வர்மம்' என்ற சொல் வீட்டுக்கு வீடு பரவியதும் அதனால்தான். இரண்டும் சக்தியைச் செய்பவரிடம் வைக்கும் கதைகள். இன்னொரு பக்கம் எம்.எஸ். உதயமூர்த்தியின் 'எண்ணங்கள்' போன்ற நூல்கள் ஆழ்மனம் என்ற எண்ணத்தைத் தன்முயற்சியோடு சேர்த்து நடுத்தர வர்க்கத்துக்குப் பழக்கின. சிகிச்சைக்கு வருபவர் இந்த இரண்டு எதிர்பார்ப்புகளையும் சேர்த்தே சுமந்து வருகிறார். அதனால் முதல் சிட்டிங்கில் பாதி நேரம், 'நான் சொல்லக்கூடாததை உளறிவிடுவேனா, டாக்டர்?', 'எழுந்திருக்காமலே போய்விட்டால்?' என்ற கேள்விகளுக்குப் பதில் சொல்வதில் போகும்.

ஆய்வகத்தில் பெரிய அடி எடுத்து வைத்தவர் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் எர்னஸ்ட் ஹில்கார்ட். 1959 முதல் அவரும் உடன் ஆய்வாளர் வைட்சென்ஹாஃபரும் உருவாக்கிய அளவுகோல், ஒருவர் எவ்வளவு எளிதில் அறிதுயிலுக்கு ஆட்படுவார் என்பதை எண்ணால் அளந்தது. கை கனக்கிறது, விரல்கள் பிரிய மறுக்கின்றன என்று வரிசையாகச் சொல்லி எது பலிக்கிறது என்று பார்ப்பார்கள். காதருகே கொசு ரீங்கரிக்கிறது என்பதும் அந்தப் பட்டியலில் உண்டு. கோட்டூர்புரத்தில் மாலை ஆறு மணிக்குச் சோதித்தால் அந்த ஒன்றில் மட்டும் எல்லோரும் தேறிவிடுவார்கள். நூற்றுக்குப் பத்து பதினைந்து பேர் மிக எளிதில் ஆட்படுவார்கள், ஏறக்குறைய அதே அளவினர் அசையவே மாட்டார்கள், மற்றவர்கள் இடையில். ஒரே ஆட்களை 25 ஆண்டு கழித்து மறுபடி அளந்தபோதும் மதிப்பெண் பெரிதாக மாறவில்லை. செய்பவர் யார் என்பதைவிடச் செய்துகொள்பவர் யார் என்பதே விளைவைத் தீர்மானிக்கிறது என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டாம்.

சிகிச்சை அறையில்

சினிமாவில் வரும் ஊசல் கடிகாரத்தை இன்றைய சிகிச்சை அறைகளில் தேட வேண்டியதில்லை. நோய் வரலாறு கேட்டு, மருத்துவப் பரிசோதனைகள் முடிந்தனவா என்று உறுதிசெய்து, சாய்வு நாற்காலியில் உட்காரவைப்பார்கள். மேலே ஒரு புள்ளியைப் பார்த்துக்கொண்டே மூச்சைக் கவனிக்கச் சொல்வது, பத்திலிருந்து பின்னோக்கி எண்ணுவது, படிக்கட்டில் இறங்குவதாகக் கற்பனை செய்வது எல்லாம் ஆழ்த்தும் வழிகள். அடுக்குமாடிக் குடியிருப்பின் நடுவே அமைதியை எதிர்பார்க்க முடியாது. குக்கர் விசிலும் பறக்கும் ரயிலின் சத்தமும் வந்துகொண்டுதான் இருக்கும். கைதேர்ந்தவர் அதையே பயன்படுத்திக்கொள்வார்: 'வெளிய கேக்குற ஒவ்வொரு சத்தமும் உங்கள இன்னும் நிதானமாக்குது' என்பார். அமெரிக்க மனநல மருத்துவர் மில்டன் எரிக்சன் (1901–1980) பரப்பிய அணுகுமுறை இது. கட்டளை போடுவதை விட்டு, நோயாளியின் சொற்களையும் சூழலையும் கொண்டே கருத்தை ஊன்றுவது.

உலகில் அறிதுயிலுக்கு வலுவான சான்று கிடைத்த இடம் மனம் அன்று, குடல். ஐ.பி.எஸ். எனப்படும் குடல் எரிச்சல் நோய்க்கு மருந்துகள் பலிக்காத 30 பேரிடம் மான்செஸ்டரின் பீட்டர் வோர்வெல் செய்த ஆய்வு 1984-இல் 'லான்செட்' இதழில் வந்தது. அறிதுயில் பெற்றவர்கள் வெகுவாகத் தேறினார்கள். வயிற்றின் மேல் கையை வைத்து வெதுவெதுப்பை உணர்வது, குடலைச் சீராக ஓடும் ஆறாகக் கற்பனை செய்வது அந்த முறையின் உயிர்நாடி. பிரிட்டனின் மருத்துவ வழிகாட்டு அமைப்பு 2008-இலேயே, ஓராண்டு மருந்துக்கும் மசியாத ஐ.பி.எஸ். நோய்க்கு இதைப் பரிந்துரைக்கத் தக்க வழிகளில் ஒன்றாகச் சேர்த்தது. நெதர்லாந்தில் 354 பேரிடம் நடந்து 2019-இல் வெளியான ஆய்வில், குழுவாகச் செய்வது தனியாகச் செய்வதற்குச் சளைத்ததில்லை என்று தெரிந்தது. செலவைக் கணக்கிட வேண்டிய நாடுகளுக்கு இது முக்கியமான செய்தி.

மான்செஸ்டர் எழுத்துப்படியை அப்படியே தமிழாக்கிச் சென்னையில் வாசித்தால் போதாது. தெளிந்து ஓடும் ஆறு என்றதும் கோட்டூர்புரத்துக்காரர் மனத்தில் எது வரும்? 2015 டிசம்பரில் செம்பரம்பாக்கம் ஏரி திறப்புக்குப் பின் அடையாறு கரைபுரண்டு வீட்டுக்குள் புகுந்ததைப் பார்த்தவர் அவர். அவருக்கு ஆறு அமைதியின் படம் ஆகாது. குற்றாலமோ, கல்லணையோ, அம்மா ஊரின் வாய்க்காலோ, எது அவருக்குக் குளிர்ச்சி என்று முன்கூட்டியே கேட்க வேண்டும். மொழியும் அப்படியே. 'தசைகளைத் தளர்த்திக்கொள்ளுங்கள்' என்று செய்தி வாசிப்பதுபோல் சொன்னால் உடம்பு விறைக்கத்தான் செய்யும்.

வலிக்கும் சான்று நன்றாகவே இருக்கிறது. 1997-இல் மான்ட்ரியலில் பியர் ரெயின்வில் குழு, கையைச் சுடுநீரில் வைத்தவர்களுக்கு 'வலி இருக்கிறது, ஆனால் தொந்தரவாக இல்லை' என்ற கருத்தை ஊன்றி மூளையைப் படமெடுத்தது. வலியின் அளவைப் பதியும் பகுதி மாறவில்லை. அது எவ்வளவு துன்புறுத்துகிறது என்பதோடு தொடர்புடைய முன் வளையப் புறணி மட்டும் மாறியது. ஹூக்ளிக் கைதிகளுக்கு என்ன நடந்திருக்கும் என்பதற்கு ஓரளவு விளக்கம் இதில் கிடைக்கிறது. பெல்ஜியத்தின் லியேஜ் நகரில் மயக்க மருத்துவர் மரி-எலிசபெத் ஃபேமன்வில் 1992 முதல், அறிதுயிலோடு குறைந்த அளவு மருந்தும் உறுப்பு மரப்பும் சேர்த்துத் தைராய்டு உள்ளிட்ட ஆயிரக்கணக்கான அறுவைகளுக்குத் துணைநின்றார். நியூயார்க்கில் மார்பக அறுவைக்குமுன் 15 நிமிட அறிதுயில் பெற்றவர்களுக்கு மயக்க மருந்து குறைவாகத் தேவைப்பட்டது, வலியும் குமட்டலும் குறைந்தன என்று 200 பெண்களிடம் நடந்த ஆய்வு 2007-இல் காட்டியது. புற்றுநோயாளிகளின் மனநலத்துக்கென்றே தனித் துறை வைத்திருக்கும் அடையாறு புற்றுநோய் நிலையம் போன்ற இடங்கள் உள்ள நகரில் இத்தகைய முயற்சிகளுக்கு நிலம் பண்பட்டே இருக்கிறது.

எல்லாவற்றுக்கும் இது மருந்தன்று. சென்னை விளம்பரங்களில் அதிகம் தென்படும் புகைப்பழக்கத்தை விடுவதற்கு, 2019 காக்ரேன் ஆய்வுத் தொகுப்பு போதிய சான்று காணவில்லை. மனச்சிதைவு உள்ளவர்களுக்கு இதைத் தவிர்ப்பதே வழக்கம்.

முற்பிறவி வியாபாரம்

அமெரிக்க மனநல மருத்துவர் பிரையன் வைஸ் 1988-இல் வெளியிட்ட நூலுக்குப்பின் முற்பிறவிக்கு அழைத்துப்போகும் சிகிச்சை உலகெங்கும் பரவியது. 2009-இல் இந்தித் தொலைக்காட்சி ஒன்று பிரபலங்களைக் கட்டிலில் படுக்கவைத்து முற்பிறவி காட்டும் தொடரே நடத்தியது. கர்மவினையில் நம்பிக்கை உள்ள நாட்டில் இதற்குச் சந்தை இருப்பதில் வியப்பில்லை. மயக்கநிலையில் காட்சிகள் வரும், கண்ணீரும் வரும், சிலருக்கு மனம் இலேசாகவும் ஆகும். அது பிறவிக்குச் சான்றாகாது. அறிதுயிலில் நினைவு துல்லியமாவதில்லை. தவறான நினைவும் சரியானது போன்ற உறுதியோடு வருகிறது என்று அமெரிக்க மருத்துவச் சங்கக் குழு 1985-இலேயே எச்சரித்தது. அமெரிக்காவில், நடக்காத குழந்தைப்பருவக் கொடுமைகள் 'நினைவுக்கு வந்து' குடும்பங்கள் நீதிமன்றம் ஏறிய கதைகள் உண்டு. இந்தியாவில் உச்ச நீதிமன்றம் செல்வி எதிர் கர்நாடக அரசு வழக்கில் 2010 மே 5 அன்று அளித்த தீர்ப்பு, மருந்து கொடுத்து அரைமயக்கத்தில் உண்மை கேட்கும் நார்கோ சோதனையை ஒருவரின் சம்மதமின்றி நடத்தக்கூடாது என்றது. மயக்கத்தில் வருவதெல்லாம் உண்மை என்ற நம்பிக்கைக்கு அந்தத் தீர்ப்பிலும் இடம் கிடைக்கவில்லை.

சட்டநிலை தெளிவில்லாதது. மத்திய சுகாதார அமைச்சகம் 2003 நவம்பர் 25 அன்று வெளியிட்ட ஆணையில், மாற்று மருத்துவங்கள் பலவற்றுக்கு அங்கீகாரம் மறுத்தபோது, ஹிப்னோதெரபியையும் அக்குபங்சரையும் சிகிச்சை முறைகளாக ஏற்று, உரிய பயிற்சி பெற்றவர்கள் செய்யலாம் என்றது. தனி மருத்துவ அமைப்பாக ஏற்கவில்லை. உரிய பயிற்சி எது என்பதுதான் சிக்கல். மருத்துவ உளவியலாளர் இந்திய மறுவாழ்வுக் குழுமத்தில் பதிவு பெற வேண்டும், மனநல மருத்துவருக்கு மருத்துவக் கவுன்சில் பதிவு வேண்டும். வார இறுதிப் பயிற்சியில் சான்றிதழ் வாங்கியவருக்கு அப்படி ஒரு கடிவாளம் இல்லை. நோயாளி பதிவு எண்ணைக் கேட்டுப் பார்ப்பதே இப்போதைக்கு உள்ள பாதுகாப்பு. கேட்டால் கோபிப்பவரிடம் கண்ணை மூடாமல் திரும்பிவிடலாம்.

போகும் திசை

அடுத்த மாற்றம் ஆளில்லாச் சிகிச்சை. ஐ.பி.எஸ். வலிக்கென உருவான ரெகுலோரா என்ற கைப்பேசிச் செயலிக்கு அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2021-இல் அனுமதி தந்தது. டாக்டர் சீட்டின்பேரில் ஒலிப்பதிவு அமர்வுகளைக் கேட்டு வீட்டிலேயே செய்வது. ஸ்டான்ஃபோர்டின் டேவிட் ஸ்பீகல் தன்அறிதுயிலுக்கான செயலி ஒன்றைக் கொண்டுவந்திருக்கிறார். மாதவிடாய் நிற்கும் காலத்தின் உடல்கொதிப்புக்கு மருந்தில்லா வழியாக வட அமெரிக்க மாதவிடாய்நிறுத்தச் சங்கம் 2023-இல் இதைப் பரிந்துரைத்தது. ஹார்மோன் மாத்திரைக்குத் தயங்கும் நம் பெண்களுக்குத் தமிழில் நல்ல ஒலிப்பதிவு கிடைத்தால் பயன் உண்டு. சிகிச்சையாளர் இல்லாமல் குரல் மட்டும் வேலை செய்கிறது என்றால், ஃபரியாவின் வாதம் அதன் கடைசி எல்லைவரை போய்விட்டது என்று பொருள். ஆனால் கேட்டுக்கொண்டிருக்கும்போது பழைய துயரம் ஏதாவது பொங்கி எழுந்தால் பக்கத்தில் ஆள் இல்லை. பதற்றமும் அதிர்ச்சி நினைவும் உள்ளவர்களைச் செயலியிடம் மட்டும் ஒப்படைப்பது சரியன்று.

இன்னொரு முயற்சி, ஆட்படாதவர்களை ஆட்படுத்துவது. ஸ்டான்ஃபோர்டு குழு 2024 ஜனவரியில் வெளியிட்ட ஆய்வில், நாட்பட்ட உடல்வலி உள்ள 80 பேரைச் சேர்த்துக்கொண்டு, அவர்களில் பாதிப்பேரின் இடப்பக்க முன்மூளைப் புறணிக்கு வெளியிலிருந்து காந்தத் துடிப்புகளை 92 விநாடி செலுத்தினார்கள். மற்றவர்களுக்குப் போலித் துடிப்பு. உண்மைத் துடிப்பு பெற்றவர்களின் அறிதுயில் திறன் அளவிடக்கூடிய அளவுக்கு உயர்ந்தது. ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் பழைய நிலைக்குத் திரும்பியது. பிறவிக்குணம் என்று 25 ஆண்டு கழித்தும் மாறாமல் நின்ற ஒன்று, கொஞ்ச நேரத்துக்காவது நகர்ந்தது. மெஸ்மர் கற்பனை செய்த காந்தம் 240 ஆண்டு கழித்து உண்மையான காந்தமாகத் திரும்பி வந்திருக்கிறது என்று யாராவது கட்டுரை எழுதத்தான் செய்வார்கள். இது தொடுவது திரவத்தை அன்று, நரம்பணுக்களின் மின்னோட்டத்தை. பலன் வலியைக் குறைப்பதுவரை நீளுமா என்பது இனிவரும் ஆய்வுகளின் வேலை. ஒரு மணி நேரம் என்பது குறைவுபோல் தெரிந்தாலும், வழக்கமான ஒரு சிட்டிங் அதற்குள் முடிந்துவிடும்.